அமெரிக்கா வந்த ஆப்கானியர்கள் மனநல மருத்துவரிடம் போகத் தயங்குவது ஏன்?

"பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார்களே, அப்புறம் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தான் தலைநகர் காபூல் தாலிபான்களிடம் வீழ்ந்தபோது விமானமேறிய பலருக்குக் கிடைத்தது இரண்டாண்டுத் தற்காலிக அனுமதிதான். பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். தூக்கம் எப்படி வரும்?

டாக்டரிடம் போனாலும் தலைவலி, நெஞ்சு பாரம் என்றுதான் பலர் சொல்வார்கள். வலி மாத்திரையோடு திரும்புவார்கள். மனசு சரியில்லை என்றால் பைத்தியப் பட்டம் வந்துவிடுமே!

பெரிய சிக்கல் மொழிபெயர்ப்பாளர். தாரி, பஷ்தூ தெரிந்தவர் பெரும்பாலும் அதே சமூகத்துக்காரர். சொன்னது வெளியே போய்விடுமோ என்று பயம். அவரும் கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையை நடுவில் உட்கார வைப்பார்கள். ராத்திரி அலறி எழுவதை மகன் காதுபட எந்தத் தாய் விவரிப்பாள்? என்னைக் கேட்டால், தொலைபேசியில் வேறு ஊர் மொழிபெயர்ப்பாளரை, பெண்களுக்குப் பெண்ணையே, ஏற்பாடு செய்வது விழிப்புணர்வுத் துண்டறிக்கைகளைவிட உதவும்.