உதகையின் பின்கோடு பகா எண்ணா?

கேள்வி: பகா எண்களைப் பற்றிய பாடத்தின்போது, எங்கள் ஊர் பின்கோடான 643001-ஐ எடுத்துக்கொண்டு, 2 முதல் 47 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் மாணவர்கள் வகுத்துப் பார்த்தார்கள், ஒவ்வொரு முறையும் மீதி வந்தது. இதைப் பகா எண் என்று சொல்லிவிடலாமா? இதற்கு வேறு சிறப்பு ஏதும் உண்டா?
- கணித ஆசிரியை ஒருவர், உதகமண்டலம்

பதில்: சொல்ல முடியாது. உங்கள் மாணவர்கள் 53, 59 ஆகியவற்றையும் கடந்து 61 வரை சென்றிருந்தால் விடை கிடைத்திருக்கும்: 643001 = 61 × 10541. ஓர் எண் பகா எண்தான் என்று உறுதி செய்ய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்த்தாக வேண்டும். 643001-இன் வர்க்கமூலம் 801-ஐச் சற்றே தாண்டுவதால், சோதிக்க வேண்டிய பகா எண்கள் 139. நீங்கள் சோதித்தவை 15 மட்டுமே. 10541-ஐ மேலும் பிரித்தால் 83 × 127 கிடைக்கும். ஆக, இது மூன்று வெவ்வேறு பகா எண்களின் பெருக்கற்பலன்; 1-ஐயும் தன்னையும் சேர்த்து இதற்கு எட்டு வகுத்திகள் உண்டு.

7, 11, 13 ஆகிய மூன்றையும் தனித்தனியே வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. அவற்றின் பெருக்கற்பலன் 1001 என்பதால், எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, 643-இலிருந்து 001-ஐக் கழித்து, வரும் 642-ஐச் சோதித்தாலே போதும். 642-ஐ இம்மூன்றாலும் வகுத்தால் முறையே 5, 4, 5 மீதியாகும். எனவே 643001-உம் வகுபடாது.

சிறப்பு என்று கேட்டால், எனக்கு அந்த மூன்று காரணிகளே சுவையாகத் தோன்றுகின்றன. (1972-இல் அஞ்சல் துறை கடிதங்களைப் பிரிப்பதற்காக வகுத்த எண் இது, இதில் காணும் எதுவும் தற்செயலே.) 2-ஐ எந்தெந்த அடுக்குக்கு உயர்த்தி 1-ஐக் கழித்தால் பகா எண் கிடைக்கும் என்று, 257-ஆம் அடுக்கு வரை, பிரெஞ்சுத் துறவி மரின் மெர்சென் 1644-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 127 உண்டு, 83 இல்லை, 61-உம் இல்லை. 127-ஐப் பொறுத்தவரை அவர் கூற்றுச் சரியே என்று 1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா நிறுவினார். 2-இன் 127-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும், 39 இலக்கங்கள் கொண்ட அந்த எண், 1951 வரை, அறியப்பட்ட பகா எண்களிலேயே மிகப் பெரியதாக இருந்தது. 83-ஐ விட்டதும் சரியே, ஏனெனில் 2-இன் 83-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது 167-ஆல் வகுபடும். 61-ஐ விட்டதுதான் பிழை: 19 இலக்கங்கள் கொண்ட அந்த எண் பகா எண்ணே என்று ரஷ்யரான பெர்வூஷின் 1883-இல் காட்டினார். உதகையின் மூன்று காரணிகளும் மெர்சென் பட்டியலின் இரு சரிகளையும் ஒரு தவறையும் தாங்கி நிற்கின்றன.

கேள்வி: குன்னூரின் 643101 எப்படி? உதகை எண்ணோடு ஓர் இலக்கம்தானே வேறுபடுகிறது?
- ஒரு வாசகர், குன்னூர்

பதில்: இலக்கங்களின் கூடுதல் 15 என்பதால் 3-ஆல் வகுபடும் என்பது பார்த்தவுடனே தெரியும். முழுக் காரணிப்படுத்தல்: 3 × 47 × 4561. ஆனால் உதகை எண்ணுக்கும் இதற்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. அப்படி ஒன்று இருந்தால், அது இரண்டின் வித்தியாசமான 100-ஐயும் வகுக்க வேண்டும். 100-இன் பகாக் காரணிகள் 2-உம் 5-உம் மட்டுமே. இரண்டு எண்களும் 1-இல் முடிவதால் அவ்விரண்டாலும் வகுபடமாட்டா.