ஒரே பேப்பர், ரெண்டு சாம்பல் கணக்கு

கேள்வி: சார் வணக்கம், பேப்பர் டெஸ்ட் பண்ற லேப்ல புதுசா சேர்ந்திருக்கேன். ஒரே பேப்பரை 525 டிகிரி செல்சியஸ்ல எரிச்சா சாம்பல் 15 சதவீதம் நிக்குது, 900ல எரிச்சா 8.4 தான் வருது. மூணு தடவை பண்ணிட்டேன், அதே தான். எங்க தப்பு பண்றேன், எந்த நம்பரை எழுதுறது?

பதில்: தப்பே இல்லங்க, ரெண்டும் சரி. மூணு தடவையும் ஒரே நம்பர் வந்துச்சுன்னா உங்க வேலை சுத்தமா இருக்குன்னு அர்த்தம், அதுக்கே முதல்ல பாராட்டு.

பேப்பர்னா வெறும் நார் மட்டும் இல்ல, வெள்ளையா இருக்கணும், அச்சு நல்லா பதியணும்னு கால்சியம் கார்பனேட் பவுடர் கலப்பாங்க. 525ல நார் எரிஞ்சு போயிடும், கார்பனேட் அப்படியே நிக்கும். 900க்கு ஏத்துனா அதுல இருக்க கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சுண்ணாம்புக் காளவாசல்ல நடக்குற மாதிரியே சுட்ட சுண்ணாம்பா மாறிடும், 100 கிராம் போட்டா 56 கிராம் தான் மிஞ்சும். இப்ப உங்க 15ஐ 0.56ஆல பெருக்குங்க. 8.4! உங்க பேப்பர்ல கலந்தது கிட்டத்தட்ட முழுக்க கார்பனேட்னு நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க, வெள்ளைக் களிமண்ணா இருந்தா இவ்வளவு இறங்கியிருக்காது.

அதனால தான் எத்தனை டிகிரின்னு சொல்லாத சாம்பல் சதவீதத்தை நான் நம்பவே மாட்டேன். நிலக்கரியை 815ல எரிச்சுப் பாக்குறதும் உண்டு, அங்கயும் மிஞ்சுறது உள்ள இருந்த அதே தாது இல்ல, பைரைட்ங்கிற இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது, இரும்பு ஆக்சைடா மாறிடும். சூடு ரொம்ப ஏறினா உப்புல கொஞ்சம் ஆவியாவே போயிடும்.

எடை போடுறதுல கவனம். காலி க்ரூசிபிளையும் (எரிக்கிறதுக்கு வைக்கிற சூடு தாங்குற சின்னக் கிண்ணம்) முதல்ல ஃபர்னஸ்ல சுட்டு, ஆறவிட்டு எடை எடுங்க. சூடா பேலன்ஸ்ல வச்சா மேல எழும்புற காத்து எடையைக் குறைச்சுக் காட்டும், டெசிகேட்டர்ல, அதாவது ஈரம் ஏறாம மூடி வைக்கிற பாத்திரத்துல, முழுசா ஆறட்டும். 900ல வந்த சாம்பல் ஈரத்தை சும்மா விடாது, இழுத்துக்கும், மூடி போட்டு சட்டுனு எடை போடுங்க. பேப்பரை நேரா சூட்டுல தள்ளாதீங்க, குப்புனு பத்திக்கிட்டா சாம்பல் செதில் பறந்துடும், மெல்லக் கருகவிட்டு அப்புறம் ஏத்துங்க. கறுப்புப் புள்ளி தெரிஞ்சா கரி மிச்சம், எடை மாறாம நிக்குற வரைக்கும் திரும்பச் சுடுங்க. பேப்பர்ல இருந்த ஈரத்தைத் தனியா பாத்துக் கழிச்சு, காய்ஞ்ச எடைக்குத் தான் சதவீதம் போடணும்.

ரிப்போர்ட்ல ரெண்டு நம்பரையும் எழுதுங்க, பக்கத்துல அதோட டிகிரியையும் சேத்து.