கேள்வி–பதில்: சாதாரண தரமும் மிருதங்கமும்

கேள்வி: மகன் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறான். நாலு வருடமாக மிருதங்கம் பழகுகிறான். பரீட்சை முடியும்வரை அதை உறையில் போட்டுக் கட்டிவை என்று தகப்பன் சொல்லிவிட்டார். மகன் வீட்டில் ஒருவரோடும் கதைக்கிறானில்லை. நான் யார் பக்கம் நிற்பது?
– வாசகி, மல்லாவி

பதில்: தகப்பனின் பயம் நியாயமானது, சொல்லும் வழிதான் பிழை. மாதக்கணக்கில் கை ஓய்ந்தால் முதலில் போவது மூன்றாம் காலத்தின், அதாவது மிக வேகமான நடையின், தெளிவு. மிருதங்கத்தில் வாசிக்கும் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். அதைத் திருப்பி எடுப்பதற்குள் உயர்தர வகுப்பு தொடங்கிவிடும்.

ஆகவே நிறுத்தாமல் குறையுங்கள். ஒரு நாளைக்கு 40 நிமிடம் போதும். அதில் 15 நிமிடம் அடிப்படைப் பாடங்களை மூன்று காலத்திலும் வாசிக்கட்டும். மிச்ச நேரம் ஏற்கெனவே கைக்கு வந்த கோர்வைகள் (கோத்து அமைத்த தாளத் தொடர்கள்). கடைசி மூன்று மாதம் புதுப்பாடம் வேண்டாம் என்று குருவிடம் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். பிள்ளை கேட்டால் அது சாட்டு மாதிரித் தெரியும். பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் தாளம் போட்டுச் சொற்கட்டை (மிருதங்கச் சொற்களை) வாயால் சொல்லிப் பழகலாம், அதற்கு வாத்தியமே தேவையில்லை.

'மிருதங்கம் சோறு போடுமா?' என்று தகப்பன் கேட்பார். தனியே கச்சேரி வாசித்துப் பிழைப்பவர்கள் மிகச் சிலர். பாடசாலை ஆசிரியர் வேலை, வீட்டு வகுப்பு, கோயில் கச்சேரி எல்லாம் சேர்ந்துதான் இங்கே ஒரு கலைஞரின் வருமானம். மருதனார்மடத்தில் முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்து, இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடமாக உள்ள இடத்துக்குப் போகவும் உயர்தரப் பெறுபேறு வேண்டும், அதோடு செயல்முறைத் தேர்விலும் தேற வேண்டும். புத்தகத்தை விட்டால் முதலாவது போகும், மிருதங்கத்தைக் கட்டிவைத்தால் இரண்டாவது போகும். இதைத் தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே இடத்தில் இருத்திச் சொல்லுங்கள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சை அடுத்த தரத்துக்கு விண்ணப்பிக்க இருந்தால், அதை மட்டும் பரீட்சைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. வாசித்து முடிந்ததும் இடந்தலையில் (மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில்) பூசிய ரவையைச் சுரண்டித் துடைக்கிறானா என்று பாருங்கள். அப்படியே விட்டால் எறும்பும் கரப்பானும் தோலையே அரித்துவிடும். வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) நடுவிலுள்ள கறுப்புக் கரணை உதிரத் தொடங்கினால் நாதம் போய்விடும், தோல் மாற்றத்தான் வேண்டும். அதற்குக் காசு கேட்கும்போது "போனமுறைதானே மாற்றினது" என்று சண்டை பிடிக்காதீர்கள். சைக்கிளுக்கு டயர் மாற்றுவதுபோல அதுவும் இருக்கிற செலவுதான்.

கேள்வி: மகளுக்கு 14 வயது. வயலின் பழகப் போகிறாளாம். விலை கூடியதாக வாங்கினால்தான் நாதம் வரும் என்கிறார்கள். சங்கிலியை அடகு வைக்கலாமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: வேண்டாம். முதல் ஆறு மாதத்தில் அவளுக்கு வேண்டியது வில் நேராகப் போவதும் சுருதி சேர்வதும்தான். அதுவரை குருவிடமோ பழகிப் பாதியில் நிறுத்தியவரிடமோ ஒன்றை இரவலாகவோ வாடகைக்கோ எடுங்கள்.

பழையது வாங்குவதென்றால் குருவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் இடைவெளி இருக்கிறதா, முகப்பலகையில் வெடிப்பு ஓடுகிறதா, பிரிட்ஜ் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முகப்பிலுள்ள துவாரத்தால் உள்ளே பார்த்தால் ஒரு சின்னக் குச்சி நிமிர்ந்து நிற்க வேண்டும். அது விழுந்திருந்தால் நாதம் அடைத்துப்போகும். நாலு தந்திகளையும் ஒரேயடியாகக் கழற்றினால் அந்தக் குச்சி விழக்கூடும்; ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

நமது காலநிலைதான் பெரிய வில்லங்கம். வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் மரம் காய்ந்து, தந்தியை இறுக்கும் முறுக்காணிகள் வழுக்கும், சுருதி நிற்காது. ஆணியில் கொஞ்சம் சோக் கட்டி தேய்த்தால் பிடிக்கும். மாரியில் அதே ஆணி இறுகி அசையாது. பலவந்தமாகத் திருகினால் உடையும். தகரக் கூரை வீட்டில் மத்தியான நேரம் அலமாரிக்கு மேலே வைக்காதீர்கள், பசை இளகிவிடும். சைக்கிள் கரியரில் கட்டி வெயிலில் விடுவதும் அப்படித்தான். வாசித்தபின் வில்லின் மயிரைத் தளர்த்தி, தந்தியில் படிந்த வெள்ளைத் தூளைத் துணியால் துடைத்து, பெட்டிக்குள் வைக்கப் பழக்குங்கள்.

கேள்வி: 13 வயது மகன் ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவன், இப்போது குரல் உடைகிறது. வகுப்பை நிறுத்தவா?
– வாசகி, நெடுங்கேணி

பதில்: நிறுத்த வேண்டாம், சுருதியை இறக்குங்கள். வளர்ந்த ஆண் குரல் பெரும்பாலும் ஒரு கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் பக்கத்தில் வந்து நிற்கும். ஆனால் நேரே அங்கே குதிக்க முடியாது. இந்த மாதம் எந்தச் சுருதியில் நோகாமல் பாட முடிகிறதோ அதுதான் அவனது சுருதி, அடுத்த மாதம் அது மாறலாம். தாரஸ்தாயியை (மேல் ஸ்தாயியை) விட்டுவிட்டு மந்தர ஸ்தாயியிலும் (கீழ்) மத்திய ஸ்தாயியிலும் (நடு) அகாரம், அதாவது 'ஆ' என்று பாடுவது, பழகட்டும். ஒரு மணித்தியாலம் தொடர்ந்து பாடுவதைவிட 15 நிமிடமாக மூன்று முறை நல்லது. தொண்டை நோகிற நாளில் தாளமும் சுரம் எழுதுவதும் செய்யலாம். பாடசாலை விழாவுக்குப் பழைய சுருதியிலேயே பாடச் சொல்லி மேடை ஏற்றாதீர்கள். குரல் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: 17 வயது மகன் இசைக்குழுவில் கீபோட் வாசிக்கிறான். திருவிழா இரவுகளுக்கு விடலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: விடலாம். எத்தனை மணிக்கு முடியும், யார் வீட்டில் கொண்டுவந்து விடுவது, எவ்வளவு காசு, எப்போது தருவார்கள் என்ற நாலையும் குழுப் பொறுப்பாளரோடு நீங்கள் முன்கூட்டியே கதைத்துவிடுங்கள். பள்ளிக்கூட நாளுக்கு முதல் இரவு வேண்டாம். பெரிய ஸ்பீக்கருக்கு நேர் முன்னே நிற்க விடாதீர்கள். மறுநாள் காலையிலும் காதில் இரைச்சல் கேட்டால் அடுத்த நிகழ்ச்சியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் காதைக் காட்டுங்கள்.