அப்பாயியின் மெஷினும் எட்டுப் போர்வைகளும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பழைய தையல் மெஷின்களை நீங்கள் தேடித் தேடி வாங்குவதைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கடிதம்.

எங்களுக்குக் குத்தாலம். அப்பாயி ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. இப்போது வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். பரணைக் காலி செய்தபோது 8 போர்வைகள் இறங்கின. பழம்புடவைகளை அடுக்கடுக்காக வைத்துக் கையால் தைத்தவை. அம்மா, "எலி நாத்தம், கொண்டுபோய்க் கொளுத்து" என்கிறார். கூடத்து மூலையில் அப்பாயியின் சிங்கர் கால் மெஷின் நிற்கிறது. இழுப்பறையில் தவணை கட்டிய அட்டை ஒன்றும் இருக்கிறது, எழுத்து அழிந்துவிட்டது.

போன வாரம் ஒரு புரோக்கர் வந்தார். ஊசிக்குப் பக்கத்தில் செல்போனை வைத்துப் பார்த்தார். சிக்னல் கட்டானால் உள்ளே சிவப்புப் பாதரசம் இருக்கிறதாம், பல லட்சம் போகுமாம். சோதனைச் செலவுக்கு 20,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். அப்பா பாதி நம்பிவிட்டார். மாமா மகனோ தலையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரும்புக் கால்மேல் கண்ணாடி போட்டு மேஜை ஆக்கலாம் என்கிறான்.

மெஷினுக்கு வயது என்ன, உண்மையில் விலை உண்டா? பக்கத்திலேயே மெஷின் இருக்கும்போது அப்பாயி ஏன் போர்வைகளைக் கையால் தைத்தார்? இப்படியொரு கலை நம்மிடம் இருந்ததா, இல்லை இது வெறும் ஏழ்மையா?

அன்புடன்,
ம., குத்தாலம்

*

அன்புள்ள ம.,

முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், அந்த ஆளுக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டாம். இது பழைய புரளி. 2009 ஏப்ரலில் சவூதியில் கிளம்பியது. சிங்கர் மெஷின் ஊசியில் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, செல்போனைக் கிட்டே கொண்டுபோனால் லைன் கட்டாகும் என்று யாரோ கிளப்பிவிட, ஜனங்கள் பாட்டி காலத்து மெஷின்களைச் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நம் பக்கம் வளைகுடா போகாத தெரு ஏது? கதையும் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டது. கோபுரக் கலசத்தில் இரிடியம், அரிசியை இழுக்கும் செம்பு என்று இங்கே ஏற்கெனவே உழுது போட்டிருந்த நிலம், நன்றாகவே முளைத்தது. பாதரசத்தில் சிவப்பாக எனக்குத் தெரிந்தது நாட்டு மருந்துக் கடையில் விற்கும் சாதிலிங்கம்தான். அதற்காக யாரும் மெஷினை உடைக்க வேண்டியதில்லை.

புரோக்கரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இப்போது மாட்டியிருக்கும் ஊசி எந்த வருடத்து ஊசி? தைக்கிறவர்கள் ஊசியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முனை மழுங்கும், தடித்த மடிப்பில் பட்டு ஒடியும். அப்பாயி கடைசியாக மாட்டியது உங்கள் கடைத்தெருவில் சில்லறை கொடுத்து வாங்கியதாகத்தான் இருக்கும். லட்ச ரூபாய்ப் பொருளை அவர் எத்தனை முறை ஒடித்துத் தூக்கிப் போட்டிருப்பார்!

வயதைப் பார்க்க மெஷினின் அடித்தட்டில், வலப்பக்கம், கைச்சக்கரத்தை ஒட்டி விரலால் தேய்த்துப் பாருங்கள். ஓர் எண் பொறித்திருக்கும். வெறும் எண் என்றால் 1900-க்கு முந்தியது. எழுத்தும் எண்ணும் சேர்ந்திருந்தால் பிந்தியது. மாடல் எண்ணோடு 'கே' ஒட்டியிருந்தால், 15கே, 66கே என்பதுபோல, அது ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் ஊரின் கில்போவி ஆலையில் செய்தது. நான் இங்கே பார்த்தவை பெரும்பாலும் அந்த ஊர்ச் சரக்குத்தான். அவற்றின் அடித்தட்டில் பொறித்த எண்ணுக்கு முன்னால் வரும் 'ஒய்' என்ற எழுத்து 1920களுக்கும் 30களின் முற்பாதிக்கும் உரியது, 'இ'யில் தொடங்கும் இரட்டை எழுத்து 1935 தொட்டு வந்தது. ஆலை 1980-ல் மூடப்பட்டது. அங்கே ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்னும் சிங்கர் என்றே பெயர்.

சின்ன வயதில் நாங்கள் சிங்கர் என்றால் சிங்கப்பூர் மெஷின் என்றே நினைத்திருந்தோம். ரொம்பவும் தப்பில்லை. சிங்கப்பூர், மலேயா என்று பிழைக்கப் போய்விட்டு ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கிய சபராளிகள் சிலர் மெஷினின் தலையை மட்டும் மரப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். இரும்புக் காலை இங்கே தேடிப் பிடித்துப் பொருத்தினார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒன்று இருந்தது, தலைக்கும் காலுக்கும் சம்பந்தமே இருக்காது. உங்கள் அப்பாயியுடையது தவணையில் வாங்கியது என்பதே எனக்குப் பெரிய செய்தி. தவணைக்கு மெஷின் விற்பதை 1856-லேயே தொடங்கிய கம்பெனி அது. அந்த அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். எழுத்து அழிந்திருந்தாலும் சாய்வெளிச்சத்தில் பிடித்தால் பேனா அழுத்திய தடம் தெரியக்கூடும்.

விலை? அரிய பொருள் இல்லை, தம்பி. கோடிக்கணக்கில் செய்து உலகம் முழுக்க விற்றார்கள். என்னிடம் ஆறு மெஷின் இருக்கிறது, எதற்கும் 6,000 ரூபாய்க்கு மேல் நான் கொடுத்ததில்லை. ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கே எடுத்தேன்.

அந்த எடைக்கு எடுத்ததில்தான் என் முதல் முட்டாள்தனம் நடந்தது. தலையில் தங்க நிறத்தில் எகிப்துச் சிங்கம், மனித முகத்தோடு, சிறகு விரித்து உட்கார்ந்திருந்தது. நூறு வருட அழுக்கு அதன்மேல். பளபளப்பாக்குகிறேன் பேர்வழி என்று பெயின்டுக்கு வாங்கி வைத்திருந்த தின்னரைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். ஒரே இழுப்பு. சிங்கம் மெஷினில் இல்லை, என் கையில் இருந்த பழைய பனியனில் மஞ்சள் தீற்றலாக இருந்தது. முகமும் முன்னங்கால் ஒன்றும் மிச்சம். இன்றைக்கும் அந்த மெஷினில் உட்காரும்போதெல்லாம் அந்த ஒற்றைக்கால் என்னைப் பார்க்கிறது. ஆகவே தின்னர், ஸ்பிரிட், சோப்புத்தண்ணீர் எதுவும் படத்தின்மேல் படக்கூடாது. மெஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடையுங்கள், பத்து நாள் ஆனாலும் சரி. உள்ளே சக்கரம் சுற்றவில்லை என்றால் பயப்படாதீர்கள். நம் வீடுகளில் தேங்காயெண்ணெய் விட்டிருப்பார்கள், அது பிசினாக இறுகியிருக்கும். மூட்டு மூட்டாக மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு, ஒரு ராத்திரி பொறுமை, மறுநாள் மெஷின் எண்ணெய். என்னிடம் வந்தவற்றில் ஒன்றுகூட இதற்கு மசியாமல் போனதில்லை.

மாமா மகனுடைய மேஜை யோசனைக்குப் பதில் எழுதினால் அவன் கோபித்துக்கொள்வான். விட்டுவிடுகிறேன்.

காந்திக்கு இந்த மெஷின்மேல் ஒரு தனிப் பிரியம். 1924-ல் ஜி. ராமச்சந்திரன் என்ற மாணவர், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டபோது, விலக்குக்கு உதாரணமாக சிங்கர் மெஷினைச் சொன்னார். மனைவி கையால் தைத்துப் படும் பாட்டைப் பார்த்து மனமிரங்கி சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் நம்பிய கதை. நிஜ சிங்கர் நாடக நடிகராக ஊர் ஊராகச் சுற்றியவர். பல பெண்களோடு குடும்பம் நடத்தி, இருபதுக்கு மேல் பிள்ளை பெற்றவர். ஒரு பட்டறையில் வேறொருவருடைய மெஷின் சரியாக ஓடாததைப் பார்த்து, இதைவிட நன்றாகச் செய்யலாம் என்று இறங்கினார். காசுக்காகத்தான். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. உங்கள் அப்பாயியும் காசுக்காகத்தானே மிதித்தார்.

இப்போது நீங்கள் கேட்டதிலேயே நல்ல கேள்விக்கு வருகிறேன். ஏன் கையால்?

நீங்களே செய்து பாருங்கள். நான்கு மடிப்புப் பழந்துணியை மெஷினுக்குக் கொடுங்கள். கீழே இருக்கும் பல் அடித்துணியைப் பின்னால் இழுக்கும், மேலே பிரஷர் புட் மேல்துணியை அழுத்திப் பிடித்து நிறுத்தும். இரண்டு முழம் போவதற்குள் மேல்துணி முன்னால் தள்ளி வந்து சுருக்கம் விழும். அது ஒன்று. இன்னொன்று, மெஷின் தையல் நெருக்கமானது. இற்றுப்போன புடவையில் அந்த ஊசி வரிசையாகத் துளை போட்டால் தபால்தலை மாதிரி ஆகிவிடும், இழுத்தால் அந்த வரியிலேயே கிழியும். கையால் போடும் ஓட்டுத்தையல் தளர்வானது, துணியோடு நெளிந்துகொடுக்கும். எங்கள் அம்மா சொல்வார், "மெஷினு புதுத்துணிக்கு, கை பழந்துணிக்கு."

மூன்றாவது காரணத்தை நான் பல வருடம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். மெஷினில் உட்கார்ந்தால் அம்மா கணக்குப் பார்ப்பார். ஒரு ரவிக்கைக்கு இவ்வளவு நூல், இவ்வளவு நேரம். தீபாவளிக்கு முன் பத்து நாள் அவர் முகத்தையே பார்க்க முடியாது, முதுகைத்தான் பார்ப்போம். போர்வை அந்தக் கணக்குக்குள் வராது. தாளடி நடவு முடிந்து வயலிலும் வேலை இல்லாத, மழை கொட்டுகிற கார்த்திகையில் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து தைப்பார். நூல்கூட வாங்க மாட்டார், புடவைக் கரையிலிருந்து ஒவ்வொரு இழையாக உருவி எடுப்பார். முழங்காலில் சுற்றி வைத்த அந்த நூலை உருவிக் கொடுப்பது என் வேலை. இழுக்கும்போது அறுந்தால் தலையில் ஒரு குட்டு.

எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது. 'தைச்ச துணி' என்போம், அவ்வளவுதான். தஞ்சாவூர்ப் பக்கம் மராத்தி பேசும் வீடுகளில் கோதடி என்று கேட்டிருக்கிறேன். மகாராஷ்டிரத்தில் அதுதான் பெயர். கர்நாடகத்தின் வடகன்னடத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைப்பது கவந்தி. அவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். வங்காளத்துக் காந்தா உங்களுக்குத் தெரிந்திருக்கும், இப்போது சென்னையில் ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். அந்தக் காந்தாவும் நம் 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பதில் வரும் கந்தையும் ஒரே சொல். அங்கே அது கடையில் தொங்குகிறது, இங்கே பழமொழியில் கிடக்கிறது.

காவிரிக்கரையில் கந்தை புதிதல்ல. பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் வருகிற பொருநன் கட்டியிருப்பது துன்னற் சிதார். வேறு நூலால் தைத்துத் தைத்து ஒட்டுப்போட்ட, வேர்வையில் நனைந்த, ஈரும் பேனும் குடியிருக்கிற துணி. அரசன் அதை நீக்கிவிட்டுப் பாம்பின் உரிபோல மெல்லிய ஆடையைக் கொடுக்கிறான். கல்லூரியில் இதைப் படித்தபோது எல்லோரும் பாம்புரி உவமையைத்தான் குறித்துக்கொண்டோம். அந்தப் பழைய துணியில் ஒட்டுப்போட்டது யார் என்று ஆசிரியரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

துணியை வெட்டி ஒட்டித் தைப்பதைக் கலையாகவே செய்கிறவர்களும் இங்கே உண்டு. திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரம் முடிந்தால் 96 அடி. அதில் குழல்போலத் தொங்கும் தொம்பைகளும் தேர்ச்சீலைகளும் சிவப்பு, மஞ்சள், வெள்ளைத் துணிகளைக் கத்தரித்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைத்தவை. அது கூலிக்குச் செய்யும் வேலை, அதற்குப் பெயரும் உண்டு. வீட்டுக்குள் தைத்ததற்குத்தான் பெயர் இல்லாமல் போயிற்று.

வெறும் ஏழ்மையா என்று கேட்டீர்கள். ஏழ்மைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்? புதுப் போர்வை வாங்கக் காசு இருந்தால் அம்மா தைத்திருக்க மாட்டார். ஆனால் குளிருக்கு மட்டும் என்றால் எந்தத் துண்டு எங்கே வந்தால் என்ன? அம்மா பச்சைக் கரையை இரண்டு ஓரத்துக்கும் எதிரெதிராக வைப்பார். சரியாக வரவில்லை என்றால் பிரித்துவிட்டு மறுபடி தைப்பார். அதிகம் கிழிந்தது உள்ளே போகும், கிழியாதது மேலே வரும். அப்பாவின் வேட்டி எப்போதும் அடியில், முதுகுக்கு மெத்தென்று இருக்கும் என்பார். அவர் தைத்ததில் ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை. கடைசியாக இருந்ததை 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு பிய்ந்துபோன ஜன்னலில் திணித்தோம். காலையில் ஜன்னலும் இல்லை, அதுவும் இல்லை. அன்றைக்கு ஓடு போன கவலையில் அதைத் தேடக்கூடத் தோன்றவில்லை.

அதனால் சொல்கிறேன், மெஷினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இரும்பு எங்கேயும் போகாது. போர்வைகளை இந்த வாரமே எடுங்கள். எலி நாற்றத்துக்கு நிழலான இடத்தில் இரண்டு நாள் காற்றாட விடுங்கள். பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் முக்கி எடுக்கலாம், பிழியக்கூடாது. ஈரம் சேர்ந்தால் கனம் தாங்காமல் கிழியும், ஆகையால் தொங்கவிடாமல் பாயில் விரித்துக் காயவையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும்.

காய்ந்த பிறகு, கொளுத்தச் சொன்ன அம்மாவையே பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு துண்டாகக் கேளுங்கள். இது யார் புடவை? எந்த விசேஷத்துக்கு எடுத்தது? நீங்கள் இருப்பது கூறைநாட்டுக்குப் பக்கம். பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்ட கூறைப்புடவை ஒன்றாவது அதில் இருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். கூறையை யாரும் லேசில் போர்வைக்குள் வைக்க மாட்டார்கள். வைத்திருந்தால் அது எந்த வருடம், யாருக்காக என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். ஒருவேளை அம்மாவுடையதே இருக்கலாம், பார்த்துக் கேளுங்கள்.

எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். எட்டுப் போர்வைகளின் மூலைகளையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்புங்கள். எங்கள் அம்மா மூலையில் துணியை முக்கோணமாக மடித்து உள்ளே செருகித்தான் முடிச்சுப் போடுவார். அவராகக் கண்டுபிடித்ததா, யாரிடமாவது பார்த்ததா என்று கேட்காமலே விட்டுவிட்டேன். அப்பாயி அங்கே என்ன செய்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா