படி கேட்டு வந்தவர்

அன்புள்ள ஐயா,

திருமணமாகி ஏற்காட்டுக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. என் மாமியார் எதையும் நேராகச் சொல்வதில்லை. சென்ற வாரம், "சேர்வராயன் கோயில் பக்கம் மூடிக்கொண்டு வருகிறது" என்றார். நான் ஜன்னலருகே நின்று பனிமூட்டத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். கொடியில் கிடந்த துணிகளை எடுக்கச் சொல்லியிருக்கிறார் என்பது அவை நனைந்த பிறகுதான் புரிந்தது. என் கணவருக்கு எல்லாம் உடனே விளங்கிவிடுகிறது. மனத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லாததும் ஒருவகைப் பொய்தானே?

ஒரு வாசகி, ஏற்காடு

அன்புள்ள சகோதரி,

பொய் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. என் பாட்டி வாசலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

சேலம் அம்மாபேட்டையில் நாங்கள் இருந்த தெருவில் பெரும்பாலும் தறி வீடுகள். நெய்வதற்கான பாவு நூல் வராத வாரம் தறி நிற்கும். தறி நின்றால் கூலி கிடையாது. அப்படிப்பட்ட நாளில் பக்கத்து வீட்டு அம்மா வந்து, "படி இருந்தால் கொடுங்கள், அளந்துவிட்டுத் தருகிறேன்" என்பார். பாட்டி உள்ளே போய், அரிசிப் பானையில் கிடக்கும் படியைக் கோபுரமாக நிறைத்து, மேலே ஒரு தட்டை மூடிக் கொண்டுவந்து நீட்டுவார். அந்த அம்மா தட்டைத் திறந்து பார்க்க மாட்டார். கூலி கைக்கு வந்ததும் அதே தட்டு மூடியபடி படி திரும்பி வரும். அவர் தெருவில் இறங்கிப் போன பிறகே பாட்டி அதைப் பானையில் கவிழ்ப்பார். இருவர் வாயிலும் 'கடன்' என்ற சொல்லை நான் கேட்டதில்லை.

எங்கள் பானையும் காலியாக இருந்த நாள் ஒன்று வந்தது. அன்று பாட்டி வெறும் படியைக் கொடுத்தார். அந்த அம்மா வாங்கிக்கொண்டு, சிறிது நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போனார். அவர் கேட்டது படி, கிடைத்தது படி. 'இல்லை' என்று யாரும் சொல்லவும் இல்லை, அந்தச் சொல் யார் காதிலும் விழவும் இல்லை. மறுநாளும் இருவரும் முகம் பார்த்துப் பேசினார்கள். நேராகக் கேட்டிருந்தால் அந்த முகங்கள் என்ன ஆகியிருக்கும்?

சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கல், மங்கலமில்லாததை மங்கலமாகச் சொல்லும் மங்கலம், ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் குழூஉக்குறி என்ற மூன்றையும் நன்னூல் 'தகுதி' என்ற பெயரில் வைக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதுவரை அதில் அடங்கும். சொல்ல வேண்டியதை இடத்துக்குத் தக்க வேறு சொல்லால் சொல்வதற்கு இலக்கணம் கொடுத்த பெயர் அது. திருக்குறளில் ஒரே தலைப்பு இருமுறை வருகிறது. பொருட்பாலில் 71ஆம் அதிகாரமும் காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரமும் 'குறிப்பறிதல்'தான். அரசன் முன்னும் காதலர் நடுவிலும் வாய்திறந்து சொல்ல முடியாதவை நிறைய உண்டு. ஆனால் கவனியுங்கள், தலைப்பு 'அறிதல்'. பொறுப்பு, சொல்வதைக் காதில் வாங்குபவர்மேல் விழுகிறது.

அந்தப் பொறுப்பை எட்டு மாதத்தில் உங்கள்மேல் சுமத்துவது நியாயமில்லை. உங்கள் கணவர் அந்த வீட்டுச் சொற்களைப் பிறந்தது முதல் கேட்கிறார்.

நான்கு பேர் கூடியிருக்கும்போது, "சில வீடுகளில் எட்டு மணிக்குத்தான் விடிகிறது" என்று மருமகள் காதில் விழச் சொல்வதை நான் இதில் சேர்க்கவே மாட்டேன். படி கேட்டவர் பாட்டிக்கு மறுக்க இடம் விட்டார். சாடை பேசுபவர் பதில் சொல்லக்கூட இடம் விடுவதில்லை. அது குத்தல், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உடம்பு விஷயத்திலும் குறிப்பு வேண்டாம். என் தந்தை ஒரு மாலை, "நம் வீட்டு மாடிக்குப் படிகள் கூடிவிட்டன போலிருக்கிறது" என்றார். நாங்கள் சிரித்தோம். மூன்றாம் நாள் அவரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூச்சு வாங்குகிறது என்பதை அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார். குறிப்பறியத் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது எட்டவில்லை.

உங்கள் மாமியார் பேச்சில் குத்தல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. புதிதாக வந்த பெண்ணை 'எடு, வை' என்று ஏவ அவர் கூசியிருக்கலாம். அடுத்த முறை மூட்டம் வருகிறது என்றால், "துணியை எடுத்துவிடட்டுமா அத்தை?" என்று கேட்டுப் பாருங்கள். துணி இல்லை, முற்றத்தில் காயும் மிளகு என்று அவர் திருத்தினால், சாக்கை எடுத்துக்கொண்டு இருவருமாகப் போய் அள்ளுங்கள்.