சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது

கேள்வி: எட்டு வருட எல்.இ.டி. டி.வி. காலையில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். கால் மணி நேரம் கழித்துத்தான் படம் வரும். மெக்கானிக் கடையில் வைத்தால் ஒழுங்காக ஓடுகிறது. போர்டையே மாற்ற 4,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், தேனி

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். சூடேறினால் ஓடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பவர் சப்ளையில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டென்சர்களை. உள்ளே இருக்கும் திரவம் வருடக்கணக்கில் வற்றி உள்தடை கூடிவிடும். குளிர்ந்த நிலையில் பவர் சப்ளையை இயக்கும் ஐ.சி. சிப்புக்கு வேண்டிய மின்னழுத்தம் நிற்காது; எழுந்து எழுந்து விழும். விளக்கு மின்னுவது அதனால். சூடேறினால் உள்தடை இறங்கும், டி.வி. எழுந்துகொள்ளும்.

டி.வி.யை மாலையிலேயே கடையில் விட்டுவிடுங்கள், இரவெல்லாம் ஆறிக் கிடக்கட்டும். காலையில் கடை திறந்ததும் உங்கள் எதிரில் போடச் சொல்லுங்கள். வீட்டில் மின்னுவதை செல்போனில் வீடியோ எடுத்தும் காட்டுங்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது இந்த 'போர்டு போச்சு' பேச்சில்தான். இருபது ரூபாய்கூடப் பெறாத சின்னக் கண்டென்சருக்காக நல்ல போர்டைக் கழற்றிப் போடுகிறார்கள். பழையதைத் திருப்பித் தருவதும் இல்லை. தலை உப்பினால்தான் கெட்டது என்று பார்த்துவிட்டு விடுகிறவர்களும் உண்டு. சின்னது கெட்டாலும் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும், உள்தடையை அளக்கும் இ.எஸ்.ஆர். மீட்டர் வைத்தால்தான் தெரியும். மெக்கானிக்கிடம் மீட்டர் இல்லையா, அவர் ஹேர் டிரையரால் ஒவ்வொன்றாகச் சூடுகாட்டினால் எது என்று பிடிபடும். மாற்றும்போது மேலே 105 டிகிரி என்று அச்சிட்ட கண்டென்சரையே கேளுங்கள். சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலின் கணக்கு. 85 டிகிரி போட்டது அதே சூட்டில் கால்வாசிக் காலம்தான் தாங்கும்.

நீங்களே திறக்க வேண்டாம். 230 வோல்ட் உள்ளே போய் 325 வோல்ட் டி.சி.யாகப் பெரிய கண்டென்சரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருக்கும்.

கேள்வி: கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு தானாக ஆஃப் ஆகிறது. 450 வாட் பவர் சப்ளை, 500 ரூபாய்க்கு வாங்கினேன்.
– வாசகி, கரூர்

பதில்: அந்த விலைக்கு உண்மையான 450 வாட் கிடைக்காது. மாற்றுங்கள். இப்படி நான் வாங்கிய ஒன்றைத் திறந்து பார்த்தேன். மின்சாரத்தை வடிகட்டும் கம்பிச்சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டு வைத்து இணைத்திருந்தார்கள்.

கேள்வி: ரோட்டோரக் கடையில் வாங்கிய ரூட்டர் அடாப்டர் விட்டு விட்டு வேலை செய்கிறது. பில் இல்லை. என்ன செய்ய?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தூக்கிப் போடுங்கள். இந்தியத் தர அமைப்பான பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் எட்டு இலக்க எண்ணும் இல்லாத அடாப்டரை வாங்காதீர்கள். இதே பத்தியில் எத்தனை முறை எழுதுவது? எண்ணை பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும்.

கேள்வி: மெக்கானிக் போர்டு மாற்ற 2,800 ரூபாய் வாங்கினார். மூன்று வாரத்தில் அதே பழுது. மறுபடி காசு கேட்கிறார். நான் ஓய்வூதியக்காரன்.
– வாசகர், விருத்தாசலம்

பதில்: ஐயா, ஒரு பைசா கொடுக்காதீர்கள். வேலைச்சீட்டும் பழைய போர்டும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். காசு வாங்கிச் செய்த ரிப்பேரும் சேவைதான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் தரலாம். உங்கள் தொகைக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ரசீதை இப்போதே நகல் எடுத்துவிடுங்கள், கடை ரசீதின் எழுத்து சீக்கிரம் அழிந்துவிடும்.