ரோந்துக்கு அனுப்பினால் பீரங்கி வேலை மறந்துவிடுமா?

கணியம்பாடி அண்ணனுக்கு,

பையன் நான்கு வருஷ ராணுவ வேலையான அக்னிவீரில் தேறி நாசிக் பீரங்கிப் பயிற்சி மையத்துக்குக் கிளம்புகிறான், சந்தோஷம். ஆனால் கம்மவான்பேட்டையில் ரிட்டயர்டான ஒருத்தர் "காஷ்மீர்ல ரோந்துதான் போடுவாங்க, கத்துக்கிட்டது எல்லாம் போயிடும்" என்று சொன்னதிலிருந்து உங்களுக்குத் தூக்கம் இல்லை. வீட்டுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் இருக்கிற ஊர் அது, சும்மா சொல்லியிருக்க மாட்டார்.

காஷ்மீரில் தீவிரவாதிகளை எதிர்க்கிற ராணுவப் பிரிவான ராஷ்ட்ரிய ரைபிள்ஸில் காலாட்படையோடு பீரங்கிப் படைக்காரர்களும் போய் வேலை பார்க்கிறார்கள், உண்மைதான். ஈராக்கில் 2003க்கு அப்புறம் அமெரிக்காக்காரனும் இதையே செய்தான்: பீரங்கி வீரர்களை ரோந்துக்கும் வண்டிக் காவலுக்கும் அனுப்பினான், 2008ல் அவர்களுடைய மூன்று கர்னல்களே கையிலிருந்த வித்தை கழன்று போகிறது என்று எழுதி எச்சரித்தார்கள்.

ஆனால் எது மறக்கும் என்று பாருங்கள். நாற்பது கிலோவுக்கு மேல் இருக்கிற 155 மி.மீ. குண்டைத் தூக்கிக் குழலில் போடுவது, உடம்பு பழகிவிட்டால் அப்படியே நிற்கும். மறப்பது கணக்கு. காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், வெடிமருந்தின் சூடு என்ன, குழல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, இத்தனையும் சேர்த்துத்தான் குழலைத் தூக்க வேண்டிய கோணத்தைக் கணக்குப் போட வேண்டும். 1999ல் கார்கிலில் மலை உயரத்தில் காற்று மெலிந்திருந்ததால் போஃபர்ஸ் பீரங்கியின் குண்டு சமவெளியைவிடத் தூரமாகப் போனது, பழைய கணக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? இப்போது கம்ப்யூட்டர் போட்டுத் தருகிறது, சரி, அது தப்பாகச் சொன்னால் கண்டுபிடிக்க ஒரு ஆள் வேண்டுமே. அது போக, பீரங்கி கூட்டு வேலை, ஆறு மாதம் பிரிந்திருந்த குழு முதல் நாளே பழைய வேகத்துக்கு வராது.

அதனால் பையனிடம் சொல்லுங்கள், எங்கே போட்டாலும் திரிகோணமிதியை விடக்கூடாது, மேப் படிப்பதும் திசைகாட்டியும் தினமும் பத்து நிமிஷமாவது. ரெஜிமெண்டில் டெக்னிக்கல் பக்கம், ரேடியோ பக்கம் கோர்ஸ் வந்தால் கூச்சப்படாமல் பெயர் கொடுக்கட்டும். நான்கு வருஷம் கழித்து அதிகபட்சம் நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். ஊருக்குத் திரும்பினால் பீரங்கி சோறு போடாது, நிலம் அளக்கிற கணக்குதான் சோறு போடும். ஐடிஐயில் சர்வேயர் பிரிவே இருக்கிறது. எந்தக் கோர்ஸ் முடித்தாலும் சான்றிதழின் நகலை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள், பல பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

கிளம்பும் முன் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாங்க, பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு.